17 சதவீதம்

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் எங்கள் திருவாரூர் மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே எண்தான். பெண் கொடுத்த சம்பந்தி வந்தாலும் முதல் கேள்வி, "உங்க நெல்லு எவ்வளவு மாய்சர் காட்டுச்சு?" என்பதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு கை நெல்லை அள்ளி அந்தச் சின்ன மெஷினில் போடுவார்கள். அது நெல்லின் ஈரப்பதத்தைக் காட்டும். 17 சதவீதத்துக்குள் என்றால் நெல் தராசுக்குப் போகும், 40 கிலோ சிப்பமாகும். 19, 20 என்றால் தார்ப்பாயை விரி, கொட்டு, காயவை. ராத்திரி பனி விழும். காலையில் பார்த்தால் நேற்று காய்ந்ததும் ஈரமாகியிருக்கும். அடியில் போட்டிருக்கிற மூட்டை முளைவிட்டதைப் பார்த்து ஒரு பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை.

பல வருஷம் நாங்கள் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தரோடு சண்டை போட்டோம். அவரும் எங்களைப் போலச் சம்பளத்துக்கு அல்லாடுகிற பிள்ளை. 17 அவர் போட்ட எண் இல்லை. மாவட்ட ஆட்சியர் போட்டதும் இல்லை, கோட்டையில் போட்டதும் இல்லை. ஒன்றிய அரசு ரேஷனுக்காகச் சேர்த்து வைக்கிற மத்தியத் தொகுப்புக்குப் போகிற நெல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றிய உணவுத் துறை பருவத்துக்குப் பருவம் நாடு முழுமைக்கும் ஒரே தர அளவு வெளியிடுகிறது. நுகர்பொருள் வாணிபக் கழகம் அந்த அளவை வைத்துத்தான் வாங்குகிறது. எங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் தில்லி என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று.

தெரிந்துகொண்டதும் ஒரு மனுவில்தான். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்க, 11 கோரிக்கைகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனோம். வாய்க்கால் தூர்வார வேண்டும், டிரான்ஸ்பார்மர் மாற்ற வேண்டும், சாக்கு இல்லை, லாரி வரவில்லை, யூரியா இல்லை, ரயில் வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அவருடைய உதவியாளர், வயதில் சின்னவர், பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எழுத்து போட்டார். "ஐயா, இதுல ஏழு சென்னைக்கு. நாலுதான் தில்லிக்கு. பதினொண்ணையும் சேர்த்துக் கொடுத்தா, மாநிலப் பொருள்னு ஒரே வரியில பதில் வந்துடும்" என்றார்.

அந்த ஒரு வரிக்கு அரசியல் சாசனத்தில் இடம் இருக்கிறது. ஏழாவது அட்டவணையில் விவசாயமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள் ஒன்றியப் பட்டியலில் 56வது இனம். உணவுப் பொருள் வர்த்தகமும் விநியோகமும் பொதுப் பட்டியலில் 33வது இனம். குறைந்தபட்ச ஆதரவு விலை, கொள்முதல் தர அளவு, உர மானியம், பயிர்க் காப்பீட்டு விதி, இவை எல்லாம் தில்லியில் முடிவாகிறவை. கிராமத்திலிருந்து போகிற உறுப்பினர் இந்தக் கதவுகளைத் தெரிந்து வைத்திருந்தால், "அது மாநிலத்தைக் கேளுங்கள்" என்று எந்த அமைச்சரும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

மக்களவையில் உறுப்பினர்கள் 543 பேர். தமிழ்நாட்டிலிருந்து 39 பேர். ஒருவருக்குப் பேசக் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். வாய்மொழிப் பதிலுக்கு ஒரு நாளைக்கு 20 கேள்விகள், அதையும் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். 12 மணிக்குப் பூஜ்ய நேரம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கிறது பெரும்பாலும் இதைத்தான். ஆவேசமாக இரண்டு மூன்று நிமிஷம் பேசலாம், ஆனால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு அதைவிட மக்களவை நடைமுறை விதிகளில் 377வது விதிதான் பெரிதாகப் படுகிறது. 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சத்தமே இல்லாத விஷயம். ஆனால் சம்பந்தப்பட்ட அமைச்சகம் எழுத்தில் பதில் அனுப்புகிறது. எழுத்தில் வந்ததை மறுபடி மறுபடி காட்டிக் கேட்கலாம்.

அந்த 250 சொல்லில் என்ன எழுதுவது? அங்கேதான் ஊர் உதவ வேண்டும். "விவசாயிகள் கண்ணீர் வடிக்கிறார்கள்" என்பது உண்மைதான், ஆனால் அதற்கு எந்தத் துறையும் ஆணை போட முடியாது. எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினார்கள். முன்பு கதிரை அரிவாளால் அறுத்து வயலிலேயே அரி காயப் போடுவோம். பிறகு கட்டு கட்டிக் களத்தில் அடித்துத் தூற்றுவோம். நெல் மூட்டைக்குள் போவதற்குள் வெயில் அதைப் பார்த்துவிடும். இன்று ஆள் இல்லை. செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் இறங்கினால் அறுத்த கையோடு நெல்லைக் கொட்டிவிடுகிறது, ஈரம் அப்படியே இருக்கிறது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருகிறது. சம்பா அறுவடை தைப் பனியில் வருகிறது. வெயில் காய்கிற ஊருக்கும் எங்களுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? இதுதான் கேள்வி.

அதே சமயம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 17 யாரோ மனம் போன போக்கில் வைத்த எண் இல்லை. ஈர நெல்லை அடுக்கினால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். அந்த அரிசி நம் ரேஷன் கடைக்குத்தான் வரும். ஆகவே வருஷா வருஷம் "22 வரை தளர்த்துங்கள்" என்று மட்டும் கேட்பது போதாது என்பது என் கருத்து. கேட்கிறோம், குழு வருகிறது, மாதிரி எடுக்கிறது. சில ஆண்டுகள் 19, 20 வரை தளர்த்தியும் இருக்கிறார்கள். ஆனால் ஆணை கைக்கு வருவதற்குள் பாதி வயல் அறுத்து முடிந்திருக்கும். டெல்டாவுக்கென்று பருவத்தை ஒட்டிய நிரந்தர அளவு வேண்டும், அதோடு கொள்முதல் நிலையத்திலேயே நெல் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கிற உறுப்பினரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

குரல் பலித்த கதையும் உண்டு. 2023இல் நிலக்கரி ஏலப் பட்டியலில், டெல்டாவிலும் அதை ஒட்டியும் உள்ள வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்ற பெயர்கள் இருப்பது தெரிந்ததும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. டெல்டாவின் விளைநிலத்தைக் காக்கும் மாநிலச் சட்டமான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இலேயே கையில் இருந்தது. ஏப்ரல் 8 அன்று மூன்றும் நீக்கப்பட்டன.

எல்லாம் அவ்வளவு வேகத்தில் நடப்பதில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. 2018இல், நெல் வயல் நீரில் மூழ்கினால் அந்தத் தனி வயலுக்கு இழப்பீடு என்ற பிரிவு எடுக்கப்பட்டது. அதன் பிறகு கிராமத்தின் சராசரி விளைச்சல்தான் கணக்கு. மேட்டு வயல்காரருக்கு நன்றாக விளைந்திருந்தால், பள்ளத்து வயல்காரர் நட்டதெல்லாம் அழுகிப்போனாலும் சராசரி அவரை மறைத்துவிடும். பள்ளத்து வயல் யாருக்கு இருக்கும்? பெரும்பாலும் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குத்தான். கடலோர மாநிலங்கள் திரும்பத் திரும்பக் கேட்டு, 2025 நவம்பரில்தான் அந்தப் பிரிவை 2026 காரிஃப் பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக அறிவிப்பு வந்தது. இடையில் ஏழு வருஷம். எத்தனை மழை!

அறிவிப்பு வந்துவிட்டது என்று நாம் உட்கார்ந்துவிடவும் முடியாது. வயல் மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். தண்ணீர் இடுப்பளவு நிற்கிறபோது, மின்சாரம் போய், செல்போனில் சார்ஜ் இல்லாத வீட்டுக்கு அந்த மூன்று நாள் எப்படிப் போதும்? இதை யாராவது எழுத்தில் கேட்க வேண்டும்.

அதற்காக இந்த வருஷம் எங்கள் கொள்முதல் நிலையத்தில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். நெல் கொண்டுவருகிறவர் அறுத்த தேதி, முதல் நாள் காட்டிய ஈரம், எத்தனை நாள் காத்திருந்தார், மழை பெய்ததா என்று நான்கு வரி எழுதிவிட்டுப் போகிறார். எழுதத் தெரியாதவர் சொல்ல, பக்கத்தில் நிற்கிற பிள்ளை எழுதுகிறது. அறுவடை முடிந்ததும் அதை நகல் எடுத்துத் தில்லிக்குக் கொடுத்துவிடப்போகிறோம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால், அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.