ஆய்வகத்தில் எது திறன், எது பழக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்த மாணவர் முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்ளும் வேலை தரம் பார்த்தல். ஆய்வக வழக்கில் டைட்ரேஷன்: செறிவு தெரியாத ஒரு கரைசலோடு செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, வினை முடியும் இடத்தை (முடிவு நிலை) வைத்துக் கணக்கிடுவது. இடது கையைப் பியூரெட் என்ற, அளவுக் கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாயின் திருகைச் சுற்றி வளைத்துப் பிடித்து, வலது கையால் கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். பிறகு பியூரெட்டின் 0.1 மில்லிலிட்டர் கோடுகளுக்கு நேராகக் கண்ணை வைத்து அளவு படிக்க வேண்டும். இதற்கு இரண்டு கை வேண்டும், நிற்கக் கால் வேண்டும், நிறம் பிரித்தறியும் கண் வேண்டும் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றுவதால்தான் பார்வையில்லாத பிள்ளைக்கும், ஒரு கை செயல்படாத பிள்ளைக்கும், "உங்களுக்குப் பி.ஏ. வரலாறு நல்லா இருக்கும்" என்று சேர்க்கை மேசையிலேயே அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த அறிவுரை சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் செய்முறை மாணவரிடம் எதைச் சோதிக்கிறது? பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும், கூம்புக் குடுவையை மட்டும் வெறும் நீரால் அலச வேண்டும் என்பது தெரிகிறதா? முடிவு நிலை என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தெரிகிறதா? இரண்டு அளவுகள் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறை செய்ய வேண்டும் என்ற நேர்மை இருக்கிறதா? கணக்கிட்டு வந்த விடை பொருந்துமா என்று யோசிக்கிறாரா? இவைதான் திறன். கண்ணால் பார்ப்பதும் கையால் சுழற்றுவதும் நாம் வழக்கமாகச் செய்துவரும் முறை. திறனில் சலுகை தரக்கூடாது, தர வேண்டிய தேவையும் இல்லை. முறையை மாற்றலாம்.

எப்படி மாற்றுவது என்று இதே டைட்ரேஷனை வைத்துப் பார்ப்போம்.

ஒரு கையால் மட்டும் வேலை செய்யும் மாணவருக்குக் குடுவைக்கு அடியில் ஒரு காந்தக் கலக்கி வைத்தால் போதும். குடுவைக்குள் சிறு காந்தத் துண்டு தானே சுழலும், இருக்கும் ஒரு கை திருகைப் பார்த்துக்கொள்ளும். பியூரெட்டில் கண்ணாடித் திருகுக்குப் பதில் டெஃப்லான் திருகு இருக்க வேண்டும். கண்ணாடித் திருகு இறுகிக்கொள்ளும், இல்லாவிட்டால் தளர்ந்து கழன்றுவரும், அதை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை கேட்கும். குறிப்பிட்ட அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் குழாயான பிப்பெட்டுக்கு ஒரு கையால் இயக்கும் உறிஞ்சி இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவருக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

சிவப்பு, பச்சை நிறக் குழப்பம் உள்ளவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் நிறக்குருடு இல்லை. சான்றிதழ் கிடையாது என்பதால் கல்லூரிக்குத் தெரிவதில்லை. மாணவர் பக்கத்து மேசைக்காரரின் அளவைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறார். இதற்கு வழி வேதியியலுக்குள்ளேயே இருக்கிறது. முடிவு நிலையை நிறத்தால் காட்டும் நிறங்காட்டிகளில் ஒன்றான மெத்தில் ஆரஞ்சு, பி.எச். எனப்படும் அமில, கார அளவு 3.1-லிருந்து 4.4-க்குள் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். புரோமோபீனால் நீலம் 3.0-லிருந்து 4.6-க்குள் மஞ்சளிலிருந்து நீலமாகும். ஏறக்குறைய அதே எல்லை, ஆனால் மஞ்சளும் நீலமும் இவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். பினாப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்புக்குப் பதில் நிறமற்றதிலிருந்து நீலமாகும் தைமால்தலீன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த நீலம் காற்றிலுள்ள கரியமில வாயுவால் சீக்கிரம் மங்கும். நிறம் நிலைத்தவுடன் அளவு எடுத்துவிட வேண்டும், வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பார்வையே இல்லாதவருக்கு? அமிலமும் காரமும் 0.1 நார்மல் என்ற செறிவில் இருந்தால், முடிவு நிலையை ஒட்டிய இரண்டு சொட்டுகளில் பி.எச். சுமார் 4-லிருந்து 10-க்குத் தாவும். பி.எச். மீட்டரைக் கணினியோடு இணைத்தால், திரையை வாசிக்கும் மென்பொருள் அந்த எண்ணைச் சொல்லும். கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவைப் பார்க்கும் கடத்துத்திறன் முறையில் நிறமே தேவையில்லை. காரம் சேரச்சேரக் கடத்துத்திறன் இறங்கி, ஓரிடத்தில் திரும்பி ஏறும். அந்தத் திருப்பம்தான் முடிவு நிலை. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, மூன்றாம் ஆண்டு இயற்பு வேதியியல் செய்முறையில் பல கல்லூரிகளில் இருப்பதுதான். கருவி அலமாரியில் இருக்கிறது, அதை முதலாம் ஆண்டு மேசைக்குக் கொண்டுவர யாருக்கும் தோன்றுவதில்லை.

பியூரெட் கோட்டைப் படிக்காமல் அளவு எடுக்க இன்னொரு வழி நிறுத்தல். கரைசலைப் பிளாஸ்டிக் சொட்டுக் குப்பியில் எடுத்து முதலில் நிறுக்கிறோம், டைட்ரேஷன் முடிந்ததும் மறுபடி நிறுக்கிறோம். குறைந்த எடைதான் செலவான கரைசல். 0.01 கிராம் காட்டும் தராசில் நீர்த்த கரைசலுக்கு இது ஏறக்குறைய 0.01 மில்லிலிட்டர். 50 மில்லிலிட்டர் பியூரெட்டின் முதல் தரத்திலேயே 0.05 மில்லிலிட்டர் வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. ஆக, இந்த மாணவருக்காகச் செய்த ஏற்பாடு வகுப்பிலேயே துல்லியமான ஏற்பாடாகிவிடுகிறது. "தரம் குறைந்துவிடும்" என்று கவலைப்படுபவர்கள் இந்தத் தராசின் முன் ஒருமுறை நிற்க வேண்டும்.

எல்லாச் சோதனைக்கும் "கூடுதல் நேரம் கொடுத்துவிடுவோம்" என்று முடித்துவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல். அங்கே அது சரி. ஆனால் ஆய்வகத்தில், ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்க்கும்போது கரைசல் 60-லிருந்து 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். மெதுவாகச் செய்பவரின் குடுவை அதற்குள் ஆறிவிடும். ஆறினால் வினை தயங்கும், பெர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்பு போகாமல் நிற்கும், முடிவு நிலை வந்துவிட்டதாக ஏமாந்து நிறுத்திவிடுவார். சில நேரம் பழுப்பாக மாங்கனீசு டை ஆக்சைடு படியும். அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தும் மதிப்பெண் போய்விடும். இங்கே தேவை நேரம் மட்டும் இல்லை, குடுவையைச் சூடாக வைத்திருக்கும் கலக்கியுடன் கூடிய சூட்டுத் தட்டு. அல்லது அறை வெப்பத்திலேயே செய்யக்கூடிய மோர் உப்பு (இரும்பு அம்மோனியம் சல்பேட்) டைட்ரேஷன்.

அடுத்து உதவியாளர். ஏற்பாடுகளிலேயே அதிகம் கெட்டுப்போவது இதுதான். உதவியாளர் மாணவரின் கையாகவும் கண்ணாகவும் இருக்கலாம், மூளையாக இருக்கக் கூடாது. பார்வையில்லாத மாணவி ஒருவர் லேப் உதவியாளருடன் பினாப்தலீன் போட்டு டைட்ரேஷன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"இப்ப என்ன நிறம் அண்ணா?"

"நிறம் இல்லம்மா."

"ரெண்டு சொட்டு விடுங்க."

"ரோஸ் வந்துச்சு, கலக்கினதும் போயிடுச்சு."

"இன்னும் ஒரு சொட்டு."

"நிக்குது."

"முப்பது வரைக்கும் எண்ணுங்க. அப்பவும் நின்னா அளவு சொல்லுங்க."

இந்த மாணவிக்கு டைட்ரேஷன் தெரியும், முழு மதிப்பெண் தர வேண்டும். அதே உதவியாளர் இரக்கப்பட்டு, "முடிஞ்சிருச்சும்மா, 19.8-ன்னு எழுதிக்கோ" என்று சொன்னால் அந்தச் செய்முறையைச் செய்தவர் அவர்தான். எனவே உதவியாளருக்கு ஒரு மணி நேரப் பயிற்சியாவது வேண்டும்: கேட்டதை மட்டும் சொல்லுங்கள், சொன்னதை மட்டும் செய்யுங்கள், ஆபத்து என்றால் மட்டும் கேட்காமலே நிறுத்துங்கள். அதே துறையில் படித்த முதுகலை மாணவரை உதவிக்கு வைக்கும்போது இதை இருமடங்கு வலியுறுத்த வேண்டும், அவருக்கு விடை தெரியும்.

கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வில் "வாசனை அறிதல்" என்று ஒரு வரி ரெக்கார்டு நோட்டுகளில் இன்றும் இருக்கிறது. முகரும் ஆற்றலைக் கட்டாயத் திறனாகக் கருதுபவர்களும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி நிற்பவருக்குத்தான் ஆபத்து. லெட் அசிட்டேட் தாள் கறுப்பதைப் பார்ப்பதே எல்லோருக்கும் பாதுகாப்பு. இந்த வரியை எல்லா நோட்டிலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசலில் சாய்தளம் போட்டதோடு கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் பலர். உள்ளே மேசை நின்று வேலை செய்யும் உயரத்தில், சுமார் 90 சென்டிமீட்டரில் இருக்கும். உட்கார்ந்தவருக்கு 75-லிருந்து 80 வேண்டும், அடியில் முழங்கால் நுழையக் குறைந்தது 70 சென்டிமீட்டர் காலி இடம் வேண்டும். நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 150 சென்டிமீட்டர் இடம். முக்கியமானது இனிமேல்தான். நிற்பவர் மேல் சூடான திரவம் சிந்தினால் துள்ளிப் பின்வாங்குவார், பெரும்பகுதி தரையில் போகும். உட்கார்ந்தவருக்கு அது மடியில் தேங்கும். தொடையில் உணர்வில்லாதவருக்கு வெந்தது தெரியக்கூடத் தெரியாது. எனவே மடியை முழுக்க மூடும் நீர்புகா ஏப்ரன், மேசை விளிம்பில் திரவத்தைத் தடுக்கும் சிறு வரம்பு, குடுவைக்கு அடியில் தட்டு, சுடர் அடுப்புக்குப் பதில் சூட்டுத் தட்டு, இவையெல்லாம் சாய்தளத்தைப் போலவே கட்டாயம். அவசரக் குளியலின் சங்கிலி தரையிலிருந்து 120 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் எட்டாது. ஒரு கண்ணி சேர்த்து நீட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். சல்பைடு, சல்பைட், சல்பேட், நைட்ரைட், நைட்ரேட். ஓர் எழுத்து மாறினால் வேறு பொருள், சில நேரம் விபத்து. குப்பியில் பெயரோடு வாய்பாட்டைப் பெரிதாக எழுதி, மூடிக்கு நிறம் கொடுத்து, ஒத்த பெயர்களை ஒரே தட்டில் வைக்காமல் பிரியுங்கள். ஹீமோஃபீலியா உள்ளவர் கண்ணாடிக் குழாயைத் தக்கையில் நுழைக்கக் கூடாது, கை கிழிவது பெரும்பாலும் அங்கேதான். அவருக்கு முன்கூட்டியே பொருத்திய குழாயோ ரப்பர் இணைப்போ கொடுங்கள். வலிப்பு வரக்கூடியவர் திறந்த சுடர் அருகில் தனியாக இருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஆய்வகத்துக்குள் தின்ன முடியாது, எனவே நினைத்தவுடன் வெளியே போய் வரும் அனுமதி வேண்டும்.

காது கேளாத மாணவருக்கு வேதியியல் எட்டாது என்று நினைப்பவர்களுக்கு ஜான் கார்ன்ஃபோர்த்தைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், இருபது வயதுக்குள் செவித்திறனை முழுக்க இழந்தவர், சிட்னி பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் கேட்காமல் புத்தகங்களின் துணையோடு படித்தவர், 1975-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். இவர்களுக்குச் செய்ய வேண்டியது பெரிதல்ல. செய்முறையை முந்தின நாளே எழுத்தில் கொடுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். அபாய மணியோடு மினுக்கும் விளக்கும் வையுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தால் அவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் ஏப்ரனும் கொடுங்கள்.

வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவி ஒருவருக்கு மனிதர் முன் பேசுவதில் கடும் பதற்றம். ஆய்வகப் பாடத்தில் சோதனைக்குப் பிந்தைய நேர்காணலும், அரங்கில் விளக்கவுரையும் மதிப்பீட்டில் அடக்கம். 2018 ஏப்ரலில், அந்த விளக்கவுரை நடக்கவிருந்த நாளில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில் 2022-இல் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது, 2024-இல் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்நாட்டுச் சட்டத்தில் தகுதி அளவுகோலை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தகுதியைச் சோதிக்கும் முறை வேறு, அதை மாற்றலாம், மாற்றியிருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நம் ஊர் வைவாவில் வெளித் தேர்வாளரும் உள் தேர்வாளரும் எதிரே உட்கார, பின்னால் நண்பர்கள் வரிசையில் நிற்கிறார்கள். திக்குவாய் உள்ளவருக்கும் பதற்றம் உள்ளவருக்கும் தனி அறை, தெரிந்த ஆசிரியர் உடனிருத்தல், அல்லது அதே கேள்விகளுக்கு எழுத்தில் பதில். கேள்வி எளிதாக வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அளவுக்கு மீறிய சுமையாகாத, தேவையான, பொருத்தமான மாற்றங்களை நியாயமான ஏற்பாடு என்கிறது. கல்வி நிறுவனங்கள் அதை ஒவ்வொருவரின் தேவைக்கேற்பச் செய்ய வேண்டும் என்கிறது. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்பு வழக்கு ஒன்றில், குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்க முடியாது, அவரால் அந்தப் படிப்பைத் தொடர முடியுமா என்று ஆராய்ந்து காரணம் எழுத வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் விலக்கு. "நீங்க செய்ய வேண்டாம், ஓரமா உட்கார்ந்து பாருங்க, மார்க் போட்டுக்கலாம்." அன்போடு சொல்வதுதான், ஆனால் மூன்று ஆண்டு கழித்து அந்த மாணவர் கையில் வேதியியல் பட்டம் இருக்கும், ஒரு குடுவையைத் தொட்ட அனுபவம் இருக்காது. தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை கேட்கும்போது அந்த மதிப்பெண் அவரைக் காப்பாற்றாது.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைக்கு முன், பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு தாள் எடுங்கள். இடப்பக்கம், இது எந்தத் திறனைச் சோதிக்கிறது. வலப்பக்கம், அதைக் காட்ட என்னென்ன வழிகள். மாணவர் சேர்ந்ததும், முதல் செய்முறை வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஆய்வகம் காலியாக இருக்கும் ஒரு பிற்பகலில் அவரை வரவழையுங்கள். கதவு, மேசை, தண்ணீர்க் குழாய், கண் கழுவும் இடம், வெளியேறும் வழி எல்லாவற்றையும் அவரே தொட்டும் நகர்ந்தும் பார்க்கட்டும். அமிலத்துக்குப் பதில் வெறும் தண்ணீரை வைத்து ஒரு முழு டைட்ரேஷனையும் செய்து பார்க்கட்டும். எது எட்டவில்லை, எது வழுக்குகிறது என்று அவரே சொல்வார். அதை அன்றைக்கே எழுதி, மாணவர், நீங்கள், லேப் உதவியாளர் மூவரும் கையெழுத்திட்டு வையுங்கள். ஆறாவது வாரம் அதே தாளை எடுத்து மறுபடி பாருங்கள். அதற்குள் யாராவது அந்தக் காந்தக் கலக்கியை வேறு மேசைக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.