ஆட்டுச் சத்தத்தோடு ஒரு கசற்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

மட்டக்களப்பில் பாட்டைப் பற்றிப் பேச ஒருவன் எழும்பினால் பாடும் மீனில் இருந்துதான் தொடங்குவான் என்று உங்களுக்குத் தெரியும். நான் அதை விட்டுவிடுகிறேன். பயம் எனக்கு வேறு ஆளிடம். பழந்தமிழ் யாழிசையை ஆராயும் யாழ்நூலை 1947இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இங்கிருந்து தூரமில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு பொப் பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அடிகள் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன். விஞ்ஞானம் படித்த மனிதர். நரம்பு எப்படி அதிர்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

எழுபதுகளில் எங்கள் வீட்டில் ஒரு வால்வ் ரேடியோ இருந்தது. அதன் ஏரியல் கம்பி யன்னல் வழியாக வெளியே போய் முற்றத்துத் தென்னையில் முடியும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையும் ஆங்கிலச் சேவையும் அதில்தான் வந்தன. தமிழ்ச் சேவை அம்மாவுக்கு. ஆங்கிலச் சேவை அண்ணனுக்கு. ஜிம் ரீவ்ஸ் 1964இலேயே விமான விபத்தில் செத்துப்போனார் என்பது தெரியாமல் அவருக்குக் கடிதம் எழுத அண்ணன் விலாசம் தேடித் திரிந்தான். பீட்டில்ஸ் 1970இல் பிரிந்த செய்தியும் எங்களுக்குச் சில வருடம் பிந்தித்தான் வந்தது. பாட்டு வரும் வேகத்துக்குச் செய்தி வராத காலம்.

1970க்கும் 77க்கும் இடையில் அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்தது. இந்தியச் சஞ்சிகைகள், படங்கள் வருவது குறைந்தது. அந்த இடைவெளியில் நம்முடைய ஆட்கள் துணிந்து மேடையேறினார்கள். ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம், திருகோணமலையில் இருந்து பரமேஸ். கிட்டாரும் ட்ரம்சும் வைத்துக்கொண்டு, கள்ளுக்கடையையும் மாமியையும் பற்றித் தமிழில் பாடினார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கல்யாண வீட்டில் அதே பெரியவர்களின் கால் தாளம் போட்டது. இந்த நித்தி கனகரத்தினம் நம் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். துள்ளிசை என்று நாம் சொல்லும் இந்தப் பொப் பாட்டின் கதையில் கொழும்பு மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

சரி, நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கி ஓடாவி, அதாவது தச்சர், இருந்தார். கதவு, யன்னல், கட்டில் எல்லாம் செய்வார். பின்னேரம் சீவல் தூளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, அதே வாங்கில் இருந்து மண்டலின் வாசிப்பார். அவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் வயலினும் சேரும், றபான் என்ற கைப்பறையும் சேரும். நாலு சோடி எதிரெதிரே நின்று ஆடுவார்கள். அதைக் கப்றிஞ்ஞா என்பார்கள். நாங்கள் வேலிக் கிடுகை விலக்கிப் பார்ப்போம். அடி மூன்று மூன்றாக விழும்: தகிட, தகிட. கர்நாடக இசைக்காரர் இதைத் திஸ்ரம் என்பார்கள். எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. காலுக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் ரேடியோவில் மனோகரனின் சுராங்கனி வந்தது. அண்ணன், "இதுதான்டா புது மியூசிக்" என்றான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு ஓடாவி வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது. அதே தகிட!

பின்னால் வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன். இந்தத் துள்ளல் பாட்டு வகைக்குப் பைலா என்று பெயர்; அந்தச் சொல்லே போர்த்துக்கேயரின் ஆடலில் இருந்து வந்தது. கப்றிஞ்ஞாவின் அடியைக் கொண்டுபோய்ச் சிங்களப் பாட்டாக நாடெங்கும் பரப்பியவர் வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர். அந்த வழியில்தான் நம் தமிழ் பொப் பாட்டுக்கும் துள்ளல் வந்தது. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல்; பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறியது, மண்டலின் கைமாறவில்லை. முந்நூற்றைம்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் ஒலித்ததை, கொழும்பில் இருந்து ரேடியோவில் வந்த பிறகுதான் "மொடர்ன்" என்று ஏற்றுக்கொண்டோம். ஓடாவியிடம் போய் ஒரு பாட்டு வாசியுங்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

77க்குப் பிறகு கதவு திறந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் ரேப் ரெக்கோடரோடு வந்து இறங்கினார்கள். ரவுணில் ரெக்கோடிங் பார் வந்தது. பாட்டுகளின் பெயரைத் துண்டில் எழுதி, வெறுங் கசற்றோடு கொடுத்தால் பதிந்து தருவார்கள். ஒரு கடையில் நான் கேட்டது பன்னிரண்டு பாட்டு, வந்தது ஒன்பது. மிச்ச இடத்தில் யாரோ கேட்ட பக்திப் பாட்டு. திருப்பிக் கேட்டதற்கு, "அதுவும் நல்ல பாட்டுத்தானே தம்பி" என்றார்.

ஆகவே ரேடியோவுக்கு முன்னால் ரெக்கோடரை வைத்து நானே பதிய முடிவெடுத்தேன். 1978. பொனி எம் குழுவின் பாபிலோன் பாட்டு. வீட்டில் எல்லோரையும் வாய் மூடச் சொல்லியாயிற்று. பாட்டு நடுவில் வரும்போது எங்கள் ஆடு கத்துகிறது. பின்னாலேயே அம்மா: "மனே, ஆடு கத்தரிக்குள்ள போயிட்டுது, கெதியாப் புடி! மறுகா பாட்டுக் கேக்கலாம்." எல்லாம் பதிந்துவிட்டது.

அந்தக் கசற்றைப் போட்டுப் போட்டுத்தான் சீஆர் கொப்பியில் ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதினோம். தமிழில் இருப்பது ஒரே பகரம், அதை வைத்துக்கொண்டு பாபிலோனை நாங்கள் எழுதிய விதத்தை ஒரு ஆங்கில வாத்தியார் பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பார். கோயில் பாட்டுக் குழுவில் இருந்த கூட்டாளி ஒருவன்தான் கொப்பியைப் பார்த்துவிட்டு, "அடே, இது வேதாகமத்தில் இருக்கிற சங்கீதம்" என்றான். 137ஆம் சங்கீதம். "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து..." ஜமைக்காவின் மெலோடியன்ஸ் 1970இல் பாடியதை ஜெர்மனியில் பிராங்க் பாரியன் என்பவர் பொனி எம்முக்காகத் திரும்பச் செய்தார். அந்தக் குழுவில் ஆடிய ஆணுக்குக் குரல் கொடுத்ததும் பாரியன்தான். பின்னணிப் பாட்டில் வளர்ந்த நமக்கு இது பெரிய அதிசயமில்லை. ஆனால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் புலம்பலுக்கு நாங்கள் இடுப்பை ஆட்டினோம் என்பது 90க்குப் பிறகு அகதி முகாமில் ஒரு இரவு நினைவுக்கு வந்தபோது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அதே 78, நவம்பர் 23 சூறாவளி. ஏரியல் கட்டியிருந்த தென்னை ரேடியோ இருந்த அறைக்கு மேலேயே விழுந்தது. அண்ணனின் இசைத்தட்டுகள் ஓட்டுக்கும் தண்ணீருக்கும் போய்விட்டன. அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்துவைத்த படியால் என் கசற் தப்பியது. பாட்டின் சத்தம் பொறுக்காமல் ஒளித்துவைத்தது அது, பாதுகாக்க இல்லை.

ஓடாவி குடும்பம் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. கடற்கரையோரம் டச்பாரில் இருந்த அவர்களின் சொந்தக்காரர்களை 2004 கடல் கொண்டுபோனது. அந்த மண்டலின் எங்கே என்று தெரியாது.

போன மாதம் மகன் இந்தக் கசற்றைக் கணினியில் ஏற்றித் தந்தான். "அப்பா, இரைச்சலையும் ஆட்டுச் சத்தத்தையும் துப்புரவாக எடுத்துவிட்டேன்" என்றான். போட்டுக் கேட்டேன். அம்மாவும் இல்லை. "மற்றதைத் தாடா" என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தம்பி, அதைப் போடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி.