பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? மதர்போர்டு மேல பழி போடுறதுக்கு முன்னாடி

[காட்சி: தூசி படிஞ்ச கேபினட். ஒரு விரல் பவர் பட்டனை அழுத்துது. ஒரு அசைவும் இல்ல.]

பட்டனை அழுத்துறீங்க. சத்தமே இல்ல. இன்னொரு தடவை அழுத்துறீங்க, அப்பவும் இல்ல. உடனே பக்கத்துல இருக்கிற யாராவது ஒருத்தர் சொல்லுவாரு: "மதர்போர்டு போயிடுச்சு."

போயிருக்கலாம். ஆனா சந்தேகப்படுற வரிசையில அதைக் கடைசியா வைங்க. மதர்போர்டு கெட்டிருக்கான்னு வீட்டுல நேரடியா சோதிக்க வழி கிடையாது. மத்ததெல்லாம் நல்லாருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் அது மேல கை வைக்க முடியும்.

முதல்ல ஒண்ணு பாருங்க. ஃபேன் கூட சுத்தலையா? ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரலையா? இல்ல டிஸ்ப்ளே வந்து, விண்டோஸ் வராம நிக்குதா? மூணையும் நாம "ஆன் ஆகல"ன்னுதான் சொல்றோம். மூணும் வேற வேற கோளாறு.

[காட்சி: கேபினட்டோட பின்பக்கம், பவர் கேபிள்.]

ஃபேனே சுத்தலன்னா, பின்னாடி எஸ்எம்பிஎஸ்ல, அதாவது உள்ளே எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற டப்பாவுல, இருக்கிற சின்ன சுவிட்சைப் பாருங்க. சுத்தம் பண்ணும்போது துணி பட்டு ஆஃப் ஆகியிருக்கும். அடுத்து, மானிட்டரோட பவர் கேபிளைக் கழட்டி இதுல சொருகிப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டும் ஒரே மாதிரி கேபிள்தான்.

அடுத்தது பவர் பட்டன். சிரிக்காதீங்க. ஒரு தடவை ஒரு சாயங்காலம் முழுக்க ராம், டிஸ்க், கார்டுன்னு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டேன். கடைசியில பார்த்தா, பட்டன் உள்ளே அழுந்தி அப்படியே மாட்டிக்கிட்டிருக்கு. பட்டன்ல இருந்து வர்ற மெல்லிசான ஒயர், மதர்போர்டுல ரெண்டு பின்ல சொருகியிருக்கும். பக்கத்துலயே ‘பவர் சுவிட்ச்’னு சுருக்கமா போட்டிருப்பாங்க. அந்த ஒயரைக் கழட்டிட்டு, ரெண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால ஒரு நொடி தொடுங்க. ஓடினா, பட்டன்தான் குற்றவாளி.

அப்பவும் உயிர் வரலையா? இப்ப எஸ்எம்பிஎஸ்.

[காட்சி: 24 பின் கனெக்டர், மிக அருகில். பச்சை ஒயர்.]

பிளக்கைப் பிடுங்கிட்டு, மதர்போர்டுல இருந்து இந்தப் பெரிய கனெக்டரைக் கழட்டுங்க. பழைய மாடல்கள்ல 20 பின், பிறகு வந்ததுல 24. ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு. பேப்பர் கிளிப்பை ‘யு’ மாதிரி வளைச்சு, ஒரு முனையைப் பச்சையிலயும் இன்னொண்ணைக் கருப்புலயும் சொருகுங்க. பிறகுதான் பிளக்கைப் போடணும். நாம பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு செய்யறதும் இதேதான், பச்சையைக் கருப்போட, அதாவது கிரவுண்டோட, சேர்த்துவிடுது.

எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுத்தலன்னா, அநேகமா ஆள் காலி. சுத்தினாலும் உடனே நல்ல சர்டிஃபிகேட் குடுத்துடாதீங்க, லோடு ஏறும்போது படுத்துக்கிற ரகம் நிறைய உண்டு. மல்டிமீட்டர் இருந்தா, மஞ்சள் ஒயர்ல 11.4-ல இருந்து 12.6 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ஆனா எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம்.

[காட்சி: ராம் ஸ்லாட். ரெண்டு விரல் கிளிப்பைத் தள்ளுது.]

ஃபேன் சுத்துது, திரை மட்டும் இருட்டா? முதல் சந்தேகம் ராம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பதினஞ்சு நொடி அழுத்திப் பிடிங்க, மிச்ச மின்சாரம் வடியட்டும். ராமை வெளிய எடுங்க. அடியில வரிசையா தங்க நிறப் பட்டைகள் தெரியுதா? கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, மங்கலா ஒரு படலம் இருக்கும். பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால ஒரே திசையில மெதுவா தேய்ங்க. ரப்பர் கறுக்கும், பட்டை மின்னும். துகளை ஊதிவிட்டுட்டு, ரெண்டு பக்கமும் ‘டிக்’னு சத்தம் கேக்குற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. பழைய சிஸ்டத்துல இது ஒண்ணே பல தடவை போதும்.

போதலன்னா, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை ஒண்ணு. எல்லா ராமையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. கேபினட்ல பீப் ஸ்பீக்கர் இருந்து அது கத்திச்சுன்னா சந்தோஷப்படுங்க: ‘ராம் இல்லையே’ன்னு புகார் சொல்ற அளவுக்கு ப்ராசசரும் மதர்போர்டும் உயிரோட இருக்கு. ஸ்பீக்கர் இருந்தும் சத்தமே வரலன்னா, ப்ராசசருக்குப் பக்கத்துல இருக்கிற 4 பின் பவர் ஒயர் சரியா மாட்டியிருக்கான்னு பாருங்க. அதுவும் சரின்னா, சுத்தி நிக்கிற குட்டி உருளைகளைப் பாருங்க. அதுதான் கெப்பாசிட்டர். தலை தட்டையா இருக்கணும். உப்பியிருந்தாலோ, பழுப்பா கசிஞ்சிருந்தாலோ, இப்ப தாராளமா மதர்போர்டைச் சந்தேகப்படலாம். 2000-த்தை ஒட்டின வருஷங்கள்ல வந்த போர்டுகள்ல இது பெரிய தொற்று மாதிரியே பரவுச்சு.

[காட்சி: நாணயம் மாதிரி ஒரு பேட்டரி, உள்ளங்கையில.]

இனி மூணாவது ரகம். லோகோ வருது, விண்டோஸ் தொடங்கப் போகுது, ஒரு நீலத் திரை மின்னி மறைஞ்சு, திரும்ப முதல்ல இருந்து. எல்லாரும் ஹார்டு டிஸ்க்கைத் திட்டுவாங்க. நீங்க முதல்ல பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டோட செட்டிங்ஸ் திரைக்குள்ள, போய்த் தேதியைப் பாருங்க. பல வருஷம் பின்னாடி போயிருந்தா, விஷயம் இந்த பேட்டரிதான். பேரு சிஆர்2032: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். இது தீர்ந்தா, பிளக்கைப் பிடுங்கினதும் பயாஸ் தன்னோட அமைப்புகளை மறந்துடும். சில போர்டுகள்ல சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோட பேசுற முறை, ‘ஏஹெச்சிஐ’ல இருந்து பழைய ‘ஐடிஇ’க்குத் தாவிடும். விண்டோஸுக்கு அதோட டிஸ்க்கே அடையாளம் தெரியாது. நீலத் திரையில 7பி-ன்னு முடியிற எண் வந்தா, பெரும்பாலும் இந்தக் கதைதான். டிஸ்க் பாவம், ஒரு தப்பும் பண்ணல.

பேட்டரியை முதல்ல மாத்துங்க. எழுத்து இருக்கிற பக்கம் மேல வரணும். அப்புறம் பயாஸ்ல தேதி, பூட் வரிசை (எதுல இருந்து முதல்ல தொடங்கணும்ங்கிறது), சாட்டா மோடு மூணையும் பழையபடி வெச்சு சேவ் பண்ணுங்க. சொருகியிருக்கிற பென் டிரைவ் எதையாவது மறந்திருந்தா, அதையும் பிடுங்கிட்டு ரீஸ்டார்ட் குடுங்க.