ஹான் சுங்வோனின் கடல்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 அக்டோபரில் தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும், கொரியச் செய்தியாளர்கள் நாட்டின் தென்கோடியில் உள்ள ஜாங்ஹுங் என்ற கடலோர வட்டாரத்துக்கு விரைந்தார்கள். அவருடைய தந்தை அங்கேதான் வசிக்கிறார். போர்களில் நாள்தோறும் பிணங்கள் விழும்போது விழா எதற்கு என்று மகள் மறுத்துவிட்டதாக, எண்பத்தைந்து வயதான அந்தத் தந்தை அவர்களிடம் சொன்னார். நம்மில் பலரும் அவர் பெயரைக் கேட்டது அன்றுதான். ஆனால் ஹான் சுங்வோன் அதற்குள் ஐம்பத்தாறு ஆண்டுகளாகக் கதை எழுதி வந்தவர். இன்று அவரைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன்.

1939இல் பிறந்தார். அவர் வளர்ந்த ஊர்களில் வயலைப் போலவே கடலுக்கும் விதைப்பும் அறுப்பும் உண்டு. ‘கிம்’ என்னும் பாசிதான் அங்கே பயிர். ஓதம் வந்து வற்றும் ஆழமில்லாத கடலில் மூங்கில் கழிகளை நடுவார்கள். இலையுதிர்காலத்தில் பாசி பற்றத் தொடங்கும். அறுவடை கடுங்குளிரில். விடியலில் தோணியில் போய், உறையும் நீரில் கையை விட்டுப் பறிக்க வேண்டும். பறித்ததை அலசி, நறுக்கி, நீரில் கரைத்து, சதுரச் சட்டங்களில் காகிதம் போல வார்த்துச் சிறு பாய்களில் வெயிலில் காயவைப்பார்கள். நடுவில் மழையோ பனியோ பிடித்துக்கொண்டால் அத்தனை உழைப்பும் வீண். அங்கே ஒரு குடும்பத்துக்குத் தோணி இருக்கிறதா இல்லையா என்பது, நம் ஊரில் காணி இருக்கிறதா என்று கேட்பதைப் போன்றது. இதைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. கொரிய நாளிதழ்கள் புத்தாண்டுதோறும் நடத்தும் இலக்கியப் போட்டியில், 1968இல் அவரை எழுத்தாளராக்கிய சிறுகதையின் தலைப்பே ‘மரத்தோணி’.

கடலை அழகு பார்த்து எழுதுபவர்கள் ஏராளம். இவருடைய கடலில் கை விறைக்கும், கூலிக் கணக்கு வரும், பக்கத்து வீட்டுக்காரனோடு பகை மூளும். அதனாலேயே எனக்கு இவரைப் பிடிக்கும்.

பிறகு குவாங்ஜூ நகரில் ஆசிரியர் வேலை பார்த்தார். எழுத்தை மட்டுமே நம்பி வாழ்வது என்று வேலையை விட்டுவிட்டு, 1980 ஜனவரியில் குடும்பத்தோடு சியோலுக்குக் குடிபெயர்ந்தார். நான்கே மாதங்களில் குவாங்ஜூவில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றது. அந்தப் படுகொலையின் புகைப்படத் தொகுப்பு ஒன்றைத் தந்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததையும், சிறுமியாக அதைத் தான் பார்த்துவிட்டதையும் ஹான் காங் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பெண் துறவிகளைப் பற்றிய அவருடைய நாவல் ‘அஜே அஜே பரா அஜே’. பௌத்தர்கள் ஓதும் ‘கதே கதே பாரகதே’ என்ற மந்திரம் கொரிய நாவில் அப்படி ஒலிக்கிறது. அக்கரைக்குப் போவதைச் சொல்லும் மந்திரம் அது. இம் குவோன்டேக் அந்தக் கதையைத் திரைப்படமாக்க, அதில் நடித்த காங் சூயோன் 1989இல் மாஸ்கோ விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார்.

அவருடைய இன்னொரு நாவலை நான் கூடுதலாக மதிக்கிறேன். 1801இல் கத்தோலிக்க நம்பிக்கைக்காகத் தண்டிக்கப்பட்டு, ஹுக்சான் என்ற தொலைதூரக் கொரியத் தீவில் கிடந்த ஜோங் யாக்ஜோன் என்ற அறிஞரின் கதை அது. அந்த மனிதர் அங்கே சோர்ந்துவிடவில்லை. உள்ளூர் இளைஞன் ஒருவனைத் துணையாகக் கொண்டு, இருநூறுக்கும் மேற்பட்ட மீன்களையும் கடல் உயிர்களையும் விவரித்து 1814இல் ஒரு நூலை முடித்தார். ஊர் திரும்பாமலே இறந்தார். பாசிக் கடலில் வளர்ந்த ஓர் எழுத்தாளர் இந்த மனிதரைத் தேடிப் போனதில் எனக்கு வியப்பில்லை.

ஹான் சுங்வோனுக்கு ஊர் திரும்ப வாய்த்தது. 1990களின் பிற்பகுதியில் சியோலை விட்டுவிட்டு, ஜாங்ஹுங்கில் கடலைப் பார்த்த மேட்டில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். துறவிகள் தனித்திருக்கும் குகைக்கு வழங்கும் ‘தோகுல்’ என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். அங்கிருந்து இறங்கினால் வரும் கரையில் அவருடைய கவிதைகளைக் கற்களில் பொறித்து நட்டிருக்கிறார்கள். அந்தக் கரையின் பெயர் யொதாஜி. கொரிய மொழியில் அந்தச் சொல் திறந்து மூடும் கதவைக் குறிக்கும். ஓதம் வற்றும்போது அங்கே சேற்றுத்தரை வெகுதூரம் திறந்துகொள்கிறது. பிறகு கடல் வந்து மூடிவிடுகிறது.

நன்றி, வணக்கம்.