கால் கழுவத் தண்ணீர்

அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

விருந்தோம்பலைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் ஆபிரகாமிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் விருந்து வைத்தும் கோட்டைவிட்ட ஒருவனைப் பார்ப்போம். லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் வருகிற சீமோன் என்ற பரிசேயன், அதாவது யூத வேதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடிக்கிற பிரிவைச் சேர்ந்தவன்.

இயேசுவைச் சாப்பிடக் கூப்பிட்டவன் அவன்தான். பந்தியும் தயார். ஊரில் பாவி என்று பெயரெடுத்த ஒரு பெண் உள்ளே வந்து, இயேசுவின் காலடியில் அழுகிறாள். சீமோன் மனதுக்குள் முகம் சுளிக்கிறான். அப்போது இயேசு அவனிடம் சொல்கிறார்: "நான் உன் வீட்டில் பிரவேசித்தேன், நீ என் கால்களுக்குத் தண்ணீர் தரவில்லை." அதோடு விடவில்லை. முத்தம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சாப்பாடு நன்றாகவே இருந்திருக்கும். சீமோன் சாப்பாடு போட்டான், வரவேற்கவில்லை. அழையாமல் வந்த அந்தப் பெண் செய்ததெல்லாம் வீட்டுக்காரன் செய்திருக்க வேண்டிய வேலை.

அவன் ஏன் தண்ணீர் தரவில்லை? வேதம் காரணம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இவர் உண்மையிலேயே தீர்க்கதரிசிதானா என்று உரசிப் பார்க்கத்தான் சீமோன் கூப்பிட்டிருக்கிறான். எடை போடுவதற்காகக் கூப்பிட்ட ஆளின் காலில் இருக்கிற தூசி கண்ணில் படாது.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒரு பெண். 2 இராஜாக்கள் 4-இல் சூனேம் ஊர்க்காரி. எலிசா தீர்க்கதரிசி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் வீட்டில் சாப்பிடுவார். ஒரு நாள் கணவனிடம் சொல்கிறாள்: மாடியில் ஒரு சின்ன அறை கட்டுவோம், ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு வைப்போம். நான்கே பொருள். அந்தப் பட்டியலை நான் பல தடவை படித்திருக்கிறேன். நடந்து களைத்தவருக்குக் கட்டில். உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு மேஜையும் நாற்காலியும். இருட்டிய பிறகும் தூங்காத மனுஷருக்கு விளக்கு. அவள் கையில் பணம் இருந்தது, வேதமே அவளைக் கனம்பொருந்திய பெண் என்கிறது. அலங்காரமாக எதையாவது வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வருகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து வைத்தாள்.

சரி, ஆபிரகாமுக்கு வருவோம். வெயில் நேரம், கூடாரத்து வாசல், மூன்று பேர். "கொஞ்சம் அப்பம் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப்போய் மனைவி சாராளிடம் மூன்றுபடி மாவைப் பிசையச் சொல்கிறார். கன்று ஒன்றையும் பிடித்துக் கொடுக்கிறார். சொன்னது கொஞ்சம், செய்தது ஏராளம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பது வேறு விஷயம். ஆனால் அப்பத்துக்கு முன்னால் அவர் பேசியது எதைப் பற்றி? கால் கழுவத் தண்ணீரைப் பற்றி.

அந்த மூன்று பேர் யாரென்று பார்த்தவுடன் அவருக்குத் தெரியாது. எபிரெயர் 13:2-இல், "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்; அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு" என்று படிக்கிறோமே, அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் பிலோக்செனியா. அந்நியர்மேல் அன்பு என்று பொருள். நம் தமிழும் இதற்கு இளைத்ததல்ல. பழந்தமிழில் விருந்து என்றால் சாப்பாடு அல்ல, புதுமை. புதிதாக வந்த ஆள். வள்ளுவர்கூட விருந்தையும் ஒக்கலையும், அதாவது சுற்றத்தாரையும், தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். நாம் என்ன செய்துவிட்டோம்? மச்சான் குடும்பத்தைக் கூப்பிட்டுச் சாப்பிட்டுவிட்டு விருந்தோம்பல் செய்துவிட்டதாக நினைக்கிறோம். அது நல்ல காரியம்தான், கூப்பிடுங்கள். ஆனால் ஆராதனை முடிந்து, யாரும் பேச ஆள் இல்லாமல் வாசல் பக்கம் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே ஒருவர், பழைய தமிழ்ச் சொல்லின்படி அவர்தான் விருந்து.

பேதுருவும் இதைச் சொல்கிறார். கூடவே ஒரு சொல்லைச் சேர்க்கிறார். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்." குடும்பஸ்தன் எழுதின வசனம் இது, சந்தேகமே வேண்டாம். எங்கள் வீட்டுக்கு ஒரு முறை ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். அடுக்களையில் நானும் என் மனைவியும் தணிந்த குரலில், "யார் கூப்பிடச் சொன்னது", "நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்" என்று சண்டை. வெளியே வந்தால் அந்தத் தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறான். "இன்னொரு நாள் வருகிறோம் அண்ணே" என்றான். வரவே இல்லை.

முறுமுறுப்பு வருவதற்கும் காரணம் உண்டு என்று ஆதிச் சபைக்குத் தெரிந்திருந்தது. ஊர் ஊராகப் போன ஊழியர்கள் விசுவாசிகளின் வீடுகளை நம்பித்தான் பயணப்பட்டார்கள். அதைச் சாக்காக வைத்து உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். டிடாக்கே என்கிற மிகப் பழைய சபை ஒழுங்குநூல் கறாராகச் சொல்கிறது: அப்போஸ்தலன் என்று வருகிறவர் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டாம் நாளும், மூன்று நாள் இருந்தால் கள்ளத் தீர்க்கதரிசி! இங்கே இருக்கிற ஊழியர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் இந்த ஏமாற்றுக்குப் பயந்து அவர்கள் கதவைச் சாத்தவில்லை. சாத்தின ஒருவன் பெயர் 3 யோவானில் இருக்கிறது, தியோத்திரேப்பு. தானும் சேர்த்துக்கொள்ள மாட்டான், சேர்க்கிறவர்களையும் சபைக்குப் புறம்பாக்குவான்.

6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில், வருகிற விருந்தினர் எல்லோரையும் கிறிஸ்துவாகவே ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது வாசல்காப்பவரைப் பற்றி அவர் எழுதியது. விவரம் தெரிந்த ஒரு முதியவரை அங்கே வைக்க வேண்டும். யாராவது கதவைத் தட்டினாலோ, ஏழை ஒருவன் குரல் கொடுத்தாலோ, அவர் உடனே "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று பதில் சொல்ல வேண்டும். வந்தது யார் என்று விசாரித்துவிட்டுச் சொல்வதல்ல. தட்டினதுமே ஸ்தோத்திரம்.

எங்கள் வீட்டில் காலிங்பெல் அடித்தால், "இந்த நேரத்தில் யாருடா அது?" என்றுதான் சத்தம் வரும். சத்தம் போடுகிறவன் நான்தான்.