இமையில் முளைத்தால் கை வைக்காதீர்கள்

மும்பை நேயர்களுக்கு வணக்கம். பேச்சைக் கேட்டதும் சிலருடைய கை இந்நேரம் இமைக்குப் போயிருக்கும். தடவிப் பாருங்கள், பரவாயில்லை. கிள்ளாதீர்கள்.

கண்ணைச் சுற்றி எது முளைத்தாலும் நம் வீடுகளில் 'மரு' என்று ஒரே பேர்தான். காம்போடு தொங்கும் தோல் முடிச்சும் மரு, காலிஃபிளவர் மாதிரி சொரசொரவென்று வருவதும் மரு. இரண்டாவதுதான் வைரஸால் வருவது. குழந்தைகளுக்கு முத்துப்போல் பளபளப்பாக, நடுவில் சின்னக் குழியோடு வருமே, அதற்குக் காரணம் வேறொரு வைரஸ். இமை ஓரத்து முடிகளுக்கு நடுவே அப்படி ஒன்று ஒளிந்திருந்தால், கண் வாரக்கணக்கில் சிவந்தே இருக்கும். சொட்டு மருந்தை எத்தனை முறை மாற்றினாலும் அடங்காது. முத்தை எடுத்தால்தான் சிவப்பு போகும். மூக்கோரம் மஞ்சள் திட்டாகப் படர்ந்தால் அது மருவே இல்லை, கொழுப்பு. அவசரமில்லை, ஆனால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். இந்தத் திட்டு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கூடுதலாக இருக்கும்.

இனி என் தீராத வழக்குக்கு வருகிறேன்: பால். மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம்பால், இல்லையென்றால் சுண்ணாம்பு என்று ஊரிலிருந்து போனில் சொல்வார்கள். கை விரலில் வைத்தால் என்ன ஆகும் என்பது வேறு பேச்சு. இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஒருமுறை கண் சிமிட்டினால் இமையில் வைத்தது விழிக்குள் போய்விடும்.

அம்மான் பச்சரிசி கள்ளி இனம். கள்ளிப்பால் பட்டால் தீப்பட்டதுபோல் எரியும், நேரம் போகப் போகக் கூடும். எரிகிறதே என்று ஆஸ்பத்திரிக்காவது ஓடுவோம். எருக்கம்பால் அதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அவ்வளவாக வலிக்காது. வலி தெரியாமலே கருவிழியின் உள்ளடுக்கு வரை போய்விடும். அந்த அடுக்கின் அணுக்கள் செத்தால் மறுபடி வளராது. கருவிழி வீங்கிப் பார்வை பனிமூட்டமாகும்.

இது மருவோடு முடிவதில்லை. சனிக்கிழமை மாருதி கோயில் வாசலில் எருக்கிலை மாலை விற்கிறார்களே, இங்கே 'ருயி' என்பார்கள், அதன் காம்பை ஒடித்த இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு நிற்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ கட்டும்போதும் அப்படித்தான். அந்த விரலால் நெற்றி வியர்வையைத் துடைத்தால் போதும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடவிடுங்கள், பதினைந்து இருபது நிமிஷம். குழாயில் தண்ணீர் வராத நேரமா? குடிக்கிற தண்ணீரை டம்ளரால் ஊற்றுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். வலிக்கவில்லை என்றாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். மறுபடி சொல்கிறேன், வலிக்கவில்லை என்றாலும்.

கடையில் விற்கும் மரு மருந்து பெரும்பாலும் அமிலம், அதுவும் இமைக்கு ஆகாது. முடியால் கட்டி அறுப்பதும் வேண்டாம், சீழ் பிடிக்கும். மரத்துப்போக ஊசி போட்டு டாக்டர் எடுப்பது சில நிமிஷ வேலை.

அடுத்து கண்கட்டி. நாமக்கட்டி உரைத்துப் பூசுவதால் பெரிய கெடுதலில்லை, உலர்ந்த தூள் கண்ணில் உறுத்தும், அவ்வளவுதான். வேலை செய்வது ஒத்தடம். துணியை நனைத்து வைத்தால் இரண்டே நிமிஷத்தில் ஆறிவிடும், அதனால்தான் "போட்டேன், கேட்கவில்லை" என்கிறார்கள். பத்து நிமிஷமும் சூடு இருக்க வேண்டும், துணியை மாற்றி மாற்றி வையுங்கள். மணிக்கட்டில் வைத்துப் பொறுக்கும் சூடு போதும். ஒரு நாளைக்கு நாலு தடவை. முடித்ததும் மேல் இமையைக் கீழ்நோக்கி, கீழ் இமையை மேல்நோக்கி மெதுவாக நீவுங்கள், இமைச் சுரப்பியில் அடைத்த எண்ணெய் இளகி வரும். பழுத்ததைப் பிதுக்காதீர்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிஷம்தான். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தது என் தப்பு. நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அதே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்ந்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, அது கண்கட்டி வேஷத்தில் வந்த எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கலாம். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. கட்டியைக் கீறி எடுக்கும்போது, "எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்புகிறீர்களா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். புற்றா இல்லையா என்று சொல்லும் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.