ரிலே ஒட்டிக்கொண்டால் மீன் என்ன ஆகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

200 லிட்டர் மீன் தொட்டி. அதில் 300 வாட் ஹீட்டர். ஹீட்டரைப் போட்டு அணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்தான் ரிலே. அது ஒட்டிக்கொண்டு இந்த ஹீட்டர் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூடேறும்? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். 200 லிட்டருக்கு 840. அதை 300 வாட்டால் வகுத்தால் 2800 வினாடி. முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தொட்டியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கழிக்காமல் போட்ட கணக்கு இது, உண்மையில் இதைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆனாலும் அறை ரொம்பக் குளிராக இல்லாவிட்டால், படுக்கப் போகும்போது 26 டிகிரியில் இருந்த தண்ணீர் விடிவதற்குள் 32-ஐத் தாண்டிவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். காற்றோடு நன்றாகக் கலந்த நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6. மீனுக்கோ அந்தச் சூட்டில்தான் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும்.

ராஸ்பெரி பை மாதிரி ஒரு சின்னக் கணினியை வைத்துக்கொண்டு மீன் தொட்டிக்கு நாமே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொள்வது இன்று பெரிய வித்தை இல்லை. இதற்கென்றே ரீஃப்-பை என்ற திறமூல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. நாமே பைத்தானில் எழுதினாலும் சில நூறு வரிகளில் முடிந்துவிடும். விளக்கு, ஹீட்டர், பம்ப், தண்ணீர் நிரப்புவது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் பெட்டி நன்றாக ஓடும்போது என்ன செய்யும் என்று யோசிப்பவர்கள்தான் அதிகம். அது நின்றுபோனால் தொட்டியில் உள்ள ஒவ்வொரு கருவியும் எந்த நிலையில் நிற்கும் என்பதை, ஒயரைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். மற்றதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

ரிலேயிலிருந்து தொடங்குவோம். ஒரு ரிலேயில் மின்சாரம் போகும் பக்கம் மூன்று முனைகள் இருக்கும்: காமன், என்ஓ, என்சி. என்ஓ முனை, ரிலே இழுத்தால்தான், அதாவது அதன் காயிலுக்கு (உள்ளே இருக்கும் சுருளுக்கு) மின்சாரம் வந்தால்தான், காமனோடு சேரும். என்சி முனை சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும், ரிலே இழுத்தால் விலகும். ஹீட்டர், உரம் விடும் டோசிங் பம்ப், தண்ணீர் நிரப்பும் பம்ப் மூன்றையும் என்ஓவில் கட்டுங்கள். ஃபில்டர் பம்பையும் காற்று பம்பையும் என்சியில் கட்டுங்கள். கணினியின் அடாப்டர் போய்விட்டாலும் தண்ணீர் சுழலும், ஹீட்டர் அணைந்திருக்கும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது. ஸ்குரூவை எந்த முனையில் முறுக்குகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ரிலேயை நேராகக் கணினியின் இணைப்பு ஊசியில், அதாவது பின்னில், மாட்ட முடியாது. வெளிக் கருவிகளை இணைக்க ராஸ்பெரி பையில் இருக்கும் ஜிபிஐஓ பின் கொடுப்பது 3.3 வோல்ட், ஒரு பின்னில் 16 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. சிறிய 5 வோல்ட் ரிலேயின் காயிலுக்கோ 70 மில்லிஆம்பியர் வேண்டும். நடுவில் யுஎல்என் 2803 என்ற ஐசியைப் போட்டால் ஒரே சில்லில் எட்டு ரிலேக்களை ஓட்டலாம். எட்டும் சேர்ந்து இழுத்தால் 560 மில்லிஆம்பியர் ஆகும். அதைக் கணினி வழியாக எடுக்காமல் தனி 5 வோல்ட் அடாப்டரிலிருந்து கொடுங்கள், கிரவுண்டை மட்டும் இரண்டுக்கும் பொதுவாகச் சேருங்கள். கடையில் கிடைக்கும் நீல நிற ரிலே பலகைகளும் ஆகும், ஆனால் பல பலகைகள் தலைகீழாக, பின் தாழ்ந்தால் இழுக்கிற வகை. பலகைக்கு 5 வோல்ட்டும் பின்னிலிருந்து 3.3 வோல்ட்டும் வந்தால், இடையே மிச்சமிருக்கும் 1.7 வோல்ட்டிலேயே சில ரிலேக்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வாங்கியதும் வெறும் பலகையை மேசையில் வைத்துச் சோதித்துவிடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் 5 வோல்ட் ஒயர் ஜிபிஐஓ பின்னைத் தொடக் கூடாது. தொட்டால் பின் போகும், பல நேரம் கணினியே போகும்.

எந்தப் பின்னைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ராஸ்பெரி பை நான்கு வரையிலான பலகைகளில், கணினி விழிக்கும் அந்தச் சில வினாடிகளில் 0 முதல் 8 வரையுள்ள ஜிபிஐஓக்கள் மேலே இழுபட்டு நிற்கும், 9 முதல் 27 வரை கீழே இழுபட்டு நிற்கும். ஆகவே யுஎல்என் 2803 போட்டவர்கள் ரிலேக்களுக்கு 9-லிருந்து மேலே உள்ள எண்களையே எடுங்கள். நிரல் தொடங்கும்வரை எல்லா ரிலேயும் விட்டே இருக்கும்.

இன்னொரு கேடு என்ஓ, என்சியால் தீராது. கணினி செத்தால் ஜிபிஐஓ பின் தாழ்ந்துவிடும், சரி. கணினி உறைந்துபோனால்? பின் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். ஹீட்டர் ஓடும்போது நிரல் மாட்டிக்கொண்டால் ஹீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதற்குத்தான் ராஸ்பெரி பையில் வாட்ச்டாக் டைமர் வன்பொருளாகவே இருக்கிறது. நிரல் அதைச் சில வினாடிக்கொரு முறை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுமார் 15 வினாடிக்கு மேல் தட்டாவிட்டால் அது கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். தட்டும் வேலையை எங்கோ தனியாக ஓடும் ஒரு துண்டு நிரலிடம் கொடுத்துவிடாதீர்கள். வெப்பநிலையைக் கடைசி மூன்று நிமிடத்துக்குள் ஒழுங்காகப் படித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முக்கியமான பகுதி செத்துக் கிடக்க, வாட்ச்டாக் மட்டும் நிம்மதியாக இருக்கும்.

கடைசியாக, ரிலேயின் கான்டாக்டே, அதாவது உள்ளே சேர்ந்து விலகும் உலோக முனையே, ஒட்டிக்கொள்வது. இதைக் கணினி எதுவும் செய்ய முடியாது. ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர் போன்ற வெறும் தடைச் சுமைக்கு. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு, விடும்போது பொறி பறக்கும். 300 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனாலும் நாளுக்கு முப்பது முறை போட்டு அணைத்தால் கான்டாக்ட் தேயத்தான் செய்யும். எனவே ஹீட்டரிலேயே உள்ள தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறினால் தானாக அணைக்கும் சுவிட்சை) கழற்றவோ, திருகைக் கடைசிவரை ஏற்றிவிடவோ வேண்டாம். கணினியில் 26 என்று வைத்தால் ஹீட்டரின் திருகை 27-இல் வையுங்கள். ரிலே ஒட்டினால் தெர்மோஸ்டாட் அணைக்கும், தெர்மோஸ்டாட் ஒட்டினால் ரிலே அணைக்கும். முடிந்தால் 300 வாட் ஒன்றுக்குப் பதில் 150 வாட் இரண்டு, இரண்டு ரிலேயில். ஒன்று ஒட்டினாலும் நேரம் இரட்டிப்பாகும்.

வெப்பநிலையை அளக்க டிஎஸ் 18பி20 என்ற சென்சார் போதும். மூன்று ஒயர்: 3.3 வோல்ட், கிரவுண்டு, டேட்டா. டேட்டா ஒயர் ஜிபிஐஓ 4-க்கு. டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் சென்சார் கண்ணிலேயே படாது, அல்லது பட்டும் படாமலும் இருக்கும். இந்தச் சென்சாரைப் படிப்பதற்கான ஒன்-ஒயர் வசதியைக் கணினியில் இயக்கிவிட்டால் ஒவ்வொரு சென்சாரும் 28 என்று தொடங்கும் பெயரில் ஒரு அடைவாகத் தெரியும். உள்ளே உள்ள கோப்பின் முதல் வரி "யெஸ்" என்று முடிந்தால் மட்டும் அளவை எடுங்கள். 85 என்று துல்லியமாக வந்தால் அது தண்ணீரின் சூடு இல்லை. மின்சாரம் விட்டு வந்ததும் சென்சாரில் இருக்கும் தொடக்க எண் அது. அதைத் தள்ளிவிடச் சொல்லி எழுதுங்கள். இந்தச் சென்சாரின் துல்லியம் அரை டிகிரி முன்னே பின்னே இருக்கும், நல்ல கண்ணாடித் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை நிரலில் கழித்துவிடலாம்.

சென்சார் கெடுவதைவிட அடிக்கடி நடப்பது, அது தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுவது. கண்ணாடி துடைக்கும்போது ஒயர் இழுபடும், சென்சார் காற்றில் தொங்கும், அறையின் 22 டிகிரியைத் தண்ணீரின் சூடு என்று நம்பிக் கணினி ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். எழுதிய நிரலில் தப்பே இருக்காது. எனவே இரண்டு சென்சார், இரண்டு வெவ்வேறு இடத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல் போனால் ஹீட்டரை அணைத்துவிட்டு எச்சரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர் குளிர்வதும் மெதுவாகத்தான் நடக்கும், நீங்கள் வந்து பார்க்க நேரம் இருக்கும். கடல்நீர்த் தொட்டியில் எஃகு உறை துருப்பிடிக்கும், ஒயர் நுழையும் இடத்தில் நீர் கசியும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் போட்டு வாயை எப்பாக்சியால் அடைப்பது நல்லது.

ஹீட்டருக்கு நிரலில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 25.7-க்குக் கீழே போனால் போடு, 26.2-ஐத் தாண்டினால் அணை. இடைவெளி வேண்டும், ஒரே எண்ணை வைத்தால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் தாராளம். முதலில் போட்ட கணக்குப்படி ஒரு நிமிடத்தில் தண்ணீர் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஏறும்.

ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் ஏற்பாட்டில்தான் வீட்டுத் தரை நனைகிறது. மிதவைச் சுவிட்ச் எளிமையானது: உள்ளே காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச், மிதவையில் காந்தம். நத்தை ஏறி உட்கார்ந்தாலோ, உப்பு படிந்து இறுகினாலோ மிதவை கீழேயே மாட்டிக்கொள்ளும். பம்ப் நிற்காது. அதனால் விரலளவு மேலே இன்னொரு மிதவை. அதைக் கணினியோடு சேர்க்காமல், பம்புக்குப் போகும் 12 வோல்ட் ஒயரிலேயே தொடராகப் போடுங்கள். பம்பின் மின்னோட்டத்தைச் சுவிட்ச் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் மிதவையை நீர் குறைந்தால் சேரும்படி திருப்பி மாட்டுங்கள். ஒயர் அறுந்தாலும் "போதும்" என்றே கணினிக்குத் தெரியும். பம்ப் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் தள்ளுகிறது என்று அளந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நிரலில் உச்சவரம்பு போடுங்கள். சேமிப்பு வாளியும் சிறிதாக இருக்கட்டும். ஆவியாவது நீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புத்தன்மையுள்ள 100 லிட்டர் கடல்நீரில் 5 லிட்டர் நன்னீர் கூடுதலாக விழுந்தால் 33.3 ஆகும், உயிர்கள் தாங்கும். 20 லிட்டர் விழுந்தால் 29. பவளம் தாங்காது. குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது. மூழ்கினால் பம்ப் நின்ற பிறகும் குழாய் வழியே தண்ணீர் தானாக இழுபட்டு (சைஃபன்) ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பற்றிச் சுருக்கமாக. ராஸ்பெரி பைக்கு அனலாக் உள்ளீடு கிடையாது. அனலாக்கை டிஜிட்டலாக்கும் ஏடிஎஸ் 1115 போன்ற மாற்றி வேண்டும், அதற்கு முன்னால் பிஎச் கம்பிக்கென்று (பிஎச் அளக்கும் சென்சாருக்கென்று) தனிப் பெருக்கி வேண்டும். 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். ஹீட்டரிலிருந்தோ பம்பிலிருந்தோ துளி மின்கசிவு இருந்தாலும் எண் துள்ளும், அதனால் மின்சாரம் பிரிக்கப்பட்ட பலகையை வாங்குங்கள். கடல்நீருக்கு 7, 10 கரைசல்களிலும், மென்னீருக்கு 7, 4 கரைசல்களிலும் அளவு திருத்த வேண்டும். கம்பியைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்தால் கெட்டுவிடும்; பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். இத்தனை செய்த பிறகும் அந்த எண்ணை வரைபடமாகப் பாருங்கள், போதும். இரவில் செடியும் பாசியும் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவதால் பிஎச் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்து டோசிங் பம்பை ஓட்ட விடுவது, நாள்பட நாள்பட நகரும் ஒரு எண்ணிடம் தொட்டியை ஒப்படைப்பது.

ராஸ்பெரி பை ஐந்துக்கு முந்திய பலகைகளில் கடிகாரச் சில்லு இல்லை, ஐந்தில் இருந்தாலும் பேட்டரியை நாம்தான் மாட்ட வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு இணையம் வராவிட்டால் கணினிக்கு மணி தெரியாது, நள்ளிரவில் விளக்கைப் போடும். டிஎஸ் 3231 கடிகாரப் பலகை ஒன்று இதைத் தீர்க்கும். எல்இடி விளக்கை மங்கலாக்கும் டிரைவர் வாங்கினால், கட்டுப்பாட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்; சில வகைகள் அப்போது முழு வெளிச்சத்துக்குப் போய்விடும். மெமரி கார்டில் ஓயாமல் எழுதினால் ஒரு மின்வெட்டில் கோப்பு சிதையும். பதிவுகளை நினைவகத்தில் வைத்து எப்போதாவது எழுதச் சொல்லுங்கள், நகலெடுத்த இன்னொரு கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செத்த பெட்டி எச்சரிக்கை அனுப்பாது. "இருக்கிறேன்" என்று அது ஐந்து நிமிடத்துக்கொரு முறை வேறொரு கணினிக்குச் சொல்லட்டும், சொல்லாதபோது அந்தக் கணினி உங்கள் கைபேசியைக் கூப்பிடட்டும்.

வீட்டு மின்சாரம் வரும் பக்கத்தைப் பெட்டிக்குள் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். ரிலே வெட்டுவது லைவ் ஒயராக இருக்க வேண்டும், நியூட்ரல் அல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லிஆம்பியர் கசிவில் ட்ரிப் ஆகும் பிரேக்கர் கட்டாயம். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலே ஏறட்டும், ஒயர் வழியே வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். பெட்டியைத் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் வைக்காதீர்கள். அந்த ஈரத்தில் உப்பு சாலிடர் முனைகளைத் தின்றுவிடும். மெயின் ஒயரில் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

இனிச் சோதனை. மீன் இல்லாமல் ஒரு வாளி தண்ணீரில் ஒரு வாரம் ஓட்டுங்கள். ஓடும்போதே சென்சாரைப் பிடுங்குங்கள். அடாப்டரைக் கழற்றுங்கள். நிரலை வேண்டுமென்றே உறைய வையுங்கள். மிதவையைக் கையால் அமுக்கிப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் எது அணைந்தது, எது ஓடுகிறது என்று அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு தொட்டியில் மாட்டி, வீட்டின் மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணையுங்கள். கீழ்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மேலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பது அப்போது தெரியும். கீழ்த் தொட்டி நிரம்பி வழியாத உயரத்தில் வழக்கமான நீர்மட்டத்தைக் குறித்துவிடுங்கள். மின்சாரம் வந்ததும் ஃபில்டர் பம்ப் உடனே ஓடட்டும், புரதம் பிரிக்கும் ஸ்கிம்மர் மட்டும் ஐந்து நிமிடம் தாமதித்துத் தொடங்கட்டும். அந்த நேரத்தில் கீழே நீர்மட்டம் உயர்ந்திருக்கும், உடனே போட்டால் அதன் கோப்பை பொங்கி வழியும்.

வணக்கம்.